சந்து சந்தாக நடந்த பேராசிரியர்: பேட்ரிக் கெடிஸ் (1854-1932)

ஊரைத் திருத்த வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. திருத்த வேண்டிய தெருவிலேயே வீடு பிடித்து, மனைவியோடு போய்க் குடியேறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஒருவர் நம் தஞ்சாவூருக்கு வந்து, கோட்டைப் பகுதியில் சந்து சந்தாக நடந்து, அந்த ஊரைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆண்டு 1915. அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர்.

கட்டடக் கலையும் நகரமைப்பும் படிக்கிறவர்களுக்கு இது பாடப் புத்தகத்தில் வருகிற பெயர். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது, பழமையான கட்டடங்களைப் பாதுகாப்பது, நகரத்தைத் திட்டமிடுவது ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகப் பார்த்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், அவர் கட்டடக் கலை படித்தவரே இல்லை. அதைவிட வேடிக்கை, முப்பது ஆண்டுக்கு மேல் பேராசிரியராக இருந்த அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமே கிடையாது!

மார்க் ஷீட்டைப் பார்த்துக் கவலைப்படும் இன்றைய மாணவர்களுக்கும், வெளிநாட்டில் உழைத்து ஊரில் ஒரு வீடு எழுப்ப நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் இவர் வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

பேங்கை விட்ட பையன்

1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் கெடிஸ் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். பெர்த் நகரத்தை ஒட்டிய ஒரு மலைச்சரிவில், தோட்டமும் காடுமாக இருந்த வீட்டில் வளர்ந்தார். செடி கொடிகளைப் பார்ப்பதும், மலை மேலிருந்து கீழே ஊரைப் பார்ப்பதும் சிறு வயதிலேயே பழகிவிட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பையனை ஒரு பேங்கில் சேர்த்துவிட்டார்கள். ஒன்றரை ஆண்டு கணக்கு எழுதினார். மனம் ஒட்டவில்லை. தாவரவியல் படிக்க வேண்டும் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பாடம் நடத்திய முறை பிடிக்கவில்லை; ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டார். பிறகு லண்டனுக்குப் போய், டார்வின் கொள்கைக்காக ஊரெல்லாம் வாதாடிய ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். பரீட்சைக்காகப் படிப்பது என்பது அவருக்குக் கடைசி வரை ஒத்து வராத காரியம். அறிவைத் தேடி அலைந்தார், பட்டத்தைத் தேடவில்லை.

இருட்டு அறையில் ஒரு திருப்பம்

1879-ல், இருபத்தைந்து வயதில், உயிரினங்களைச் சேகரிக்க மெக்சிகோ நாட்டுக்குப் போனார். போன இடத்தில் கண் பார்வை பாதிக்கப்பட்டது. வாரக் கணக்கில் இருட்டு அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. மைக்ராஸ்கோப்பை நம்பிப் பிழைக்க நினைத்த இளைஞனுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்?

அந்த இருட்டில் ஜன்னல் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே யோசித்தாராம். கட்டம் கட்டமாக இருந்த அந்தச் சட்டங்களைப் போலவே, விஷயங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கும் பழக்கம் அங்கே பிறந்தது. பின்னாளில் காகிதத்தை மடித்து மடித்து, அந்தக் கட்டங்களில் எழுதித்தான் எதையும் சிந்திப்பார்.

பார்வை திரும்பி வந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காக உட்காரும் வேலை இனி ஆகாது என்றாகிவிட்டது. சின்ன உயிர்களைப் பார்த்த கண், மனிதன் வாழும் ஊர் என்னும் பெரிய உயிரைப் பார்க்கத் திரும்பியது. ஒரு செடியை அதன் மண்ணிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது. அதுபோல மனிதனையும் அவன் வாழும் இடம், செய்யும் தொழில், கூட வாழும் மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவருடைய நகரமைப்பு முழுவதும் இந்த மூன்று சொல்லில் அடங்கும்.

ஜேம்ஸ் கோர்ட்டில் குடித்தனம்

1886-ல் ஆன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகள்; இசை பயின்றவர். புதுமணத் தம்பதிகள் எடின்பரோவின் நல்ல பகுதியில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடத்துக்குக் குடி போனார்கள்.

ஒரு காலத்தில் தத்துவ மேதை ஹியூம் போன்றவர்கள் வாழ்ந்த கட்டடங்கள் அவை. வசதி படைத்தவர்கள் புதிய நகரத்துக்கு மாறிய பிறகு, ஒரே அறையில் ஒரு குடும்பம் என்று ஏழைகள் நெருங்கி வாழும் இடமாகிவிட்டது. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, முற்றமெல்லாம் குப்பை. அந்தக் கட்டடத்தில் வீடு பிடித்த கெடிஸ், முதலில் தன் வீட்டைச் சுத்தம் செய்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார். ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். இடிந்து கிடந்த மனைகளைத் தோட்டமாக்கினார்கள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கை கொடுக்க, முற்றத்தின் முகமே மாறிவிட்டது. அரசாங்கத் திட்டம் எதுவும் இல்லை. வாளியும் துடைப்பமும் சுண்ணாம்பும்தான்.

அடுத்து மாணவர்கள் பக்கம் திரும்பினார். 1887-ல் பழைய கட்டடங்களில் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். ஸ்காட்லாந்தில் அப்படிப்பட்ட முதல் விடுதி அது. வார்டன் கிடையாது, மாணவர்களே நிர்வகித்துக்கொள்ள வேண்டும். (நம் விடுதி நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது!) ரிடில்ஸ் கோர்ட் என்னும் பழைய மாளிகையைச் செப்பனிட்டு மாணவர் குடியிருப்பாக்கினார். கோட்டை அருகே ராம்சே கார்டன் என்னும் அழகிய குடியிருப்பை எழுப்பினார். படித்தவர்களும் பாமரர்களும் ஒரே தெருவில் வாழ்ந்தால்தான் பழைய நகரம் பிழைக்கும் என்பது அவர் எண்ணம்.

1892-ல் அதே தெருவில் ஒரு கோபுரத்தை வாங்கினார். அதன் உச்சியில் கண்ணாடியும் லென்ஸும் கொண்ட ஓர் இருட்டறை. உள்ளே நின்றால் ஊர் முழுவதும் மேஜை மேல் படமாக விழும். உச்சியிலிருந்து கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு தளத்திலும் ஒரு கண்காட்சி: முதலில் சொந்த ஊர், பிறகு ஸ்காட்லாந்து, அப்புறம் ஐரோப்பா, கடைசியில் உலகம். உன் ஊரைத் தெரிந்துகொண்டு உலகத்துக்குப் போ என்பதே பாடம். அந்தக் கோபுரத்துக்கு இன்றும் சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே 1888-ல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்ற ஏற்பாடு. மீதி மாதங்கள் ஊர் வேலைக்கு. 1919 வரை அப்படியே ஓட்டினார். நல்ல வாத்தியார், ஆனால் மேடைப் பேச்சில் சொற்கள் பாதி தாடிக்குள்ளேயே போய்விடும் என்று கேட்டவர்கள் குறை சொன்னது உண்டு.

எல்லாம் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். கட்டட வேலைகளால் பணக் கஷ்டம் வந்தது. டன்ஃபர்ம்லின் நகரத்துக்காக 1904-ல் அவர் தயாரித்த பெரிய திட்டத்தை, கேட்டவர்களே ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக அவர் பேனாவைக் கீழே வைத்துவிடவும் இல்லை.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரங்கள் எப்படி வளர்ந்தன, எப்படிக் கெட்டன என்பதைப் படங்களாலும் வரைபடங்களாலும் காட்டும் கண்காட்சி ஒன்றை அவர் தயாரித்திருந்தார். 1913-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அதற்குப் பரிசும் கிடைத்தது. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும்படி அழைத்தார்.

1914-ல் கெடிஸுக்கு அறுபது வயது. மற்றவர்கள் ஈஸிசேரைத் தேடும் வயதில் இவர், மகன் அலஸ்டேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தச் சமயம் பார்த்து உலகப் போர் மூண்டுவிட்டது.

எம்டன் என்ற சொல்லை நம் வீடுகளில் கேட்காதவர் உண்டா? கில்லாடியான ஆளை, சரியான எம்டன் என்கிறோமே, அந்த எம்டன்தான்! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல். அடுத்த மாதம் அதே எம்டன் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. பல ஆண்டு உழைப்பில் சேர்த்த படங்களும் வரைபடங்களும் இந்துமாக்கடலின் அடியில் போய்ச் சேர்ந்தன.

கெடிஸ் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாகப் புதுப் படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

தஞ்சைக் கோட்டைப் பகுதியில்

கண்காட்சியோடு நிற்காமல் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். மதுரை, காஞ்சிபுரம், கோயமுத்தூர், தஞ்சாவூர் என்று போன இடமெல்லாம் நடைதான். மதுரையில் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகளைக் கண்டு வியந்தார். கோயில் நகரங்களை அமைத்த நம் முன்னோர் நகரமைப்பு தெரிந்தவர்கள் என்று மனம் திறந்து பாராட்டி எழுதினார்.

தஞ்சாவூரில் அவருக்குக் காட்டப்பட்டது ஒரு பிரச்சினை. ராஜவீதிகளுக்கு நடுவே நெருக்கமான வீடுகள், வளைந்து நெளிந்து போகும் சந்துகள். நெரிசலைக் குறைக்க நகராட்சியிடம் ஒரு திட்டம் இருந்தது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நேரான புதுத் தெருக்களை வெட்டுவது. கோட்டுக்கு அடியில் அகப்பட்ட வீடெல்லாம் போக வேண்டியதுதான்.

கெடிஸ் அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டு சந்துகளுக்குள் இறங்கினார். சாக்கடை நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் மணிக்கணக்கில் நடந்தார். எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எது இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, எந்த மனை காலியாகக் கிடக்கிறது, எங்கே கிணறு, எங்கே மரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்தபின் அவருக்குத் தெளிவானது இதுதான்: புதுத் தெருவே தேவையில்லை. இருக்கும் சந்துகளே போதும். சிதிலமான சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, காலி மனைகளைத் திறந்த வெளியாக்கி, சந்தை அங்கங்கே கொஞ்சம் அகலமாக்கினால் எல்லா வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும். செலவும் குறைவு, குடும்பங்களும் கலைய வேண்டாம்.

இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில், காத்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்று சொல்லலாம். காலில் புண் என்றால் நல்ல டாக்டர் காலையே எடுத்துவிட மாட்டார். புண்ணை மட்டும் கீறி ஆற்றுவார். ஊருக்கும் அப்படியே. ஒட்டுமொத்தமாக இடித்தால் அங்கே இருந்த ஏழைகள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவில் போய் நெருக்குவார்கள், அங்கே வாடகை ஏறும், நெரிசல் இடம் மாறுமே தவிரத் தீராது. இதை அவர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்.

இந்த முறை கஷ்டமானது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆபீஸ் மேஜையில் இருந்துகொண்டு செய்ய முடியாது. வீடு வீடாகக் குறித்த துல்லியமான வரைபடம் வேண்டும். சதுரங்கம் ஆடுகிறவர் காயைத் தொடுமுன் நெடுநேரம் யோசிப்பது போலப் பொறுமை வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது எத்தனை சுலபம் பாருங்கள்!

இந்தூர் தீபாவளி

அடுத்த சில ஆண்டுகளில் பரோடா, லக்னோ, லாகூர், டாக்கா என்று சுற்றி, 1921-ல் கொழும்புக்கும் அறிக்கை எழுதினார். ஏறத்தாழ ஐம்பது ஊர்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளில் மிகப் பெரியது 1918-ல் இரண்டு தொகுதியாக வந்த இந்தூர் அறிக்கை.

இந்தூரில் அப்போது பிளேக் நோய். எலி ஒழிய வேண்டும். எலி ஒழிய வீடு சுத்தமாக வேண்டும். தண்டோரா போட்டால் ஜனங்கள் கேட்பார்களா? கெடிஸ் ஒரு யுக்தி செய்தார். தீபாவளி ஊர்வலம் எந்தத் தெருவில் வீடுகள் மிகச் சுத்தமாக இருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவிக்கச் செய்தார். அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டது! ஊர்வலத்தில் யானைகள் வந்தன, பிளேக் எலியின் பெரிய உருவப் பொம்மை வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடை அணிந்து, மாலை போட்டு, அலங்கரித்த வண்டிகளோடு மரியாதையாக நடந்து வந்தார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவர்களை ஊர்வலத்துக்குள் அழைத்து வந்தது அந்தக் காலத்தில் சாதாரண காரியமா?

குளங்களைப் பற்றியும் அவர் அறிக்கைகளில் நிறைய இருக்கிறது. கொசு வருகிறது என்று குளத்தைத் தூர்க்கும் வேலையை அவர் கடுமையாக எதிர்த்தார். குளத்தில் மீனையும் வாத்தையும் விட்டால் கொசுப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும். குளத்தை மூடினால் குளிர்ச்சியும் போகும், மழைநீர் நிற்க இடமும் போகும் என்பது அவர் கட்சி. விலங்கியல் படித்தவர் அல்லவா?

துயரம் வந்த ஆண்டு

1917 அவர் வாழ்க்கையில் இடியாக விழுந்தது. சென்னைக்கு உடன் வந்த மகன் அலஸ்டேர் போர்முனைக்குப் போயிருந்தார். ஏப்ரல் மாதத்தில் பிரான்சில் குண்டடிபட்டு இறந்தார். செய்தி வந்தபோது ஆன்னா அம்மையார் இந்தியாவிலேயே கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் போன செய்தியைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை. கெடிஸ் சொல்லவில்லை. மகனிடமிருந்து முன்பு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டு, துக்கத்தை உள்ளுக்குள் விழுங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஜூன் மாதம், மகன் இறந்தது தெரியாமலேயே அந்தத் தாயும் கண்ணை மூடினார். ஜேம்ஸ் கோர்ட்டில் துடைப்பம் பிடித்த அந்தக் கைகளும் போயின.

இந்தூருக்கு அவர் செய்த வேலையெல்லாம் இந்தத் துயரத்துக்குப் பிறகுதான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கடைசி ஆண்டுகள்

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். 1924-ல் உடல்நலம் குன்றி விலகும் வரை அங்கே இருந்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் நண்பர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1920-ல் எழுதியவர். கவி தாகூருடனும் நெருங்கிய நட்பு உண்டு. ஜெருசலேம் பல்கலைக்கழகத்துக்கும் டெல் அவிவ் நகரத்துக்கும் திட்டம் தயாரித்தார். பின்பு தென் பிரான்சின் மான்பெலியே நகரில் மாணவர்களுக்கு ஒரு கல்லூரி நிறுவினார். 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மான்பெலியேவில் காலமானார்.

அவருடைய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலுவலக அலமாரிகளிலேயே தூங்கின. அவர் கவர்னரின் அழைப்பில் வந்தவர், சமஸ்தானங்களை நம்பி வேலை செய்தவர். அந்த அதிகாரத்தின் எல்லை அவருடைய வேலைக்கும் எல்லையாக இருந்தது. ஆனால் விதை வீண் போகவில்லை. 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1947-ல் அவருடைய இந்திய அறிக்கைகளின் பகுதிகள் நூலாக வெளிவந்தன. பழைய நகரங்களை இடிக்காமல் காப்பது எப்படி என்று உலகம் யோசிக்கத் தொடங்கியபோது, தஞ்சாவூருக்காக எழுதிய பக்கங்களைத்தான் பலர் எடுத்துப் படித்தார்கள். அவர் செப்பனிட்ட ரிடில்ஸ் கோர்ட் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 2017 முதல் அவர் பெயரிலான மையமாக இயங்குகிறது.

நமக்கு என்ன?

சரி, அதிராம்பட்டினத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீங்களா? இருக்கிறது.

மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைந்து, காடு, மேய்ச்சல் நிலம், வயல், கடற்கரை என்று ஒவ்வொரு இடமும் தனித் தொழிலையும் தனி வாழ்க்கையையும் உண்டாக்குகிறது என்று காட்டுவது அவருக்குப் பிடித்த பாடம். குடகில் தொடங்கும் காவிரியை அப்படி வரைந்தால், படத்தின் கடைசி ஓரத்தில், கடைமடையும் உப்பளமும் கடலும் சந்திக்கும் இடத்தில் நம் ஊர் இருக்கும். நம் பழைய வீடுகளின் திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும் அந்த இடத்தின் வெயிலையும் உப்புக் காற்றையும் தெரிந்துகொண்டு கட்டியவை.

2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியைப் புரட்டிப் போட்டது. சேதமானதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதில் தப்பே இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்து, வந்த வாரமே பாட்டன் வீட்டை இடிச்சுட்டு, மனை முழுக்க கான்கிரீட் போட்டு, அப்புறம் புழுக்கம் தாங்காமல் ஏ.சி. மாட்டும் கதை நமக்குத் தெரியாததா? கெடிஸ் இருந்தால் முதலில் வீட்டைச் சுற்றி வருவார். எந்தச் சுவர் நல்லாயிருக்கு, எந்த உத்திரம் உளுத்திருக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து வருது என்று பார்ப்பார். அப்புறம்தான் கொத்தனாரைக் கூப்பிடுவார். சில வீடுகளை இடிக்கத்தான் சொல்வார். ஆனால் பார்க்காமல் சொல்ல மாட்டார்.

நம் ஊர் 2021-ல் நகராட்சி ஆகிவிட்டது. இனித் திட்டங்கள் வரும், வரைபடங்கள் வரும், கோடுகளும் வரும். அந்தக் கோடுகள் சரியாக விழ வேண்டுமானால் வீடு வீடாக, குளம் குளமாகக் குறித்த வரைபடம் ஒன்று ஊரார் கையில் இருக்க வேண்டும். அதைத் தயாரிக்க நம் மாணவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு டேப், ஒரு நோட்டு, பத்து நாள் நடை. பழைய தெருக்கள், மழைநீர் ஓடும் வாய்க்கால்கள், குளங்கள், நிழல் தரும் மரங்கள் எல்லாவற்றையும் குறித்துவிடலாம். செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த சங்கமத்துக்குள் வரைபடம் தயாராகிவிடும். நகராட்சிக்கு ஒரு பிரதி, கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி.

தஞ்சாவூர்ச் சந்துகளில் அறுபது வயதில் ஒருவர் நடந்தார். இருபது வயதில் நம் ஊர்ச் சந்துகளில் நடக்க நம் பிள்ளைகளுக்கு என்ன தடை? இந்த யோசனையைச் சங்கத்தின் பொதுக்குழு எடுத்துப் பேச வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.